படம் டொக்கிலிருந்து வருவதில்லை

இரண்டு மொனிற்றரும் ஒழுங்காக வேலை செய்யவில்லையா? அப்படியென்றால் டொக் சரியில்லை, இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்ல டொக் ஒன்று வாங்கினால் எல்லாம் சரிவந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இன்று யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் இதுதான். கணினிக் கடையில் இதைச் சொல்கிறார்கள். வீட்டு அறைக்குள் இருந்து லண்டன் கம்பனிக்கு வேலை செய்யும் பிள்ளைகள் இதை நம்புகிறார்கள். ரொறன்ரோவிலிருந்து வரும்போது உடுப்புகளுக்கு நடுவே டொக் ஒன்றைச் சுற்றிக் கொண்டுவரும் மாமாவுக்கும் இதே நம்பிக்கைதான். அலுவலகத்துக்கு மொத்தமாக டொக் வாங்கும் நிர்வாகியின் கணக்கும் இதுவே. இந்தக் கருத்து அடியிலிருந்தே பிழையானது. உழைக்க வந்த பிள்ளைகளின் காசைத் திரும்பத் திரும்பத் தின்னும் பிழை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

டொக் என்கிற அந்தப் பெட்டி படத்தை உண்டாக்குவதில்லை. படத்தை வரைவது மடிக்கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி. அது எத்தனை திரைக்கு வரையும் என்பதை அந்தச் சிப்பைச் செய்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். வரைந்த படம் எவ்வளவு வேகத்தில் வெளியே வரும் என்பதை மடிக்கணினியின் விலாவில் இருக்கும் போர்ட் தீர்மானிக்கிறது. அங்கிருந்து வந்ததைப் பிரித்து இரண்டு மூன்று திரைகளுக்குக் கொடுப்பது மட்டுமே டொக்கின் வேலை. வராததை அதனால் பிரித்துக் கொடுக்க முடியாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் இல்லாமல் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. டைனமோ தருவதற்கு மேல் வானொலி பாடாது என்பது அன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இங்கே டைனமோ மடிக்கணினிதான்.

இந்தப் பிழையான நம்பிக்கை சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அலுவலகங்களில் இருந்த டொக்குகள், மடிக்கணினியை மேலே வைத்து அமத்தினால் அடிப்பக்கத்தில் கொளுவிக்கொள்ளும் வகை. ஒரு கம்பனி தன்னுடைய குறிப்பிட்ட சில மடிக்கணினிகளுக்கென்றே அதைச் செய்தது. வேறு கம்பனியின் கணினி அதில் உட்காரவே உட்காராது. ஆகவே பொருந்தினால் வேலை செய்யும், பொருந்தாவிட்டால் செய்யாது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 2014இல் யூ.எஸ்.பி. ரைப்-சி வந்ததோடு அந்த உறுதி போய்விட்டது. சார்ஜ் ஏற்றவும் கோப்பு அனுப்பவும் படம் அனுப்பவும் ஒரே வடிவப் போர்ட். ஆனால் அந்த வடிவம் உள்ளே என்ன இருக்கிறது என்று எதையும் சொல்வதில்லை. ஒரு ரைப்-சி போர்ட் சார்ஜும் கோப்பும் மட்டும் எடுக்கும், படம் எடுக்காது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று படமும் எடுக்கும். மூன்றாவது மின்னல் குறி போட்ட தண்டர்போல்ற் போர்ட்டாக இருக்கும். மூன்றிலும் அதே வயர் அழகாகப் போய் உட்காரும். உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வேலை செய்யும் என்று நம்புகிறோம், வேலை செய்யாதபோது டொக்கைத் திட்டுகிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்த விவகாரம் முழுவதும் கணக்குத்தான். 4கே திரை என்றால் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160. பெருக்கினால் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள், முழு எச்.டி. திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ல 24 பிட். செக்கனுக்கு 60 தடவை திரை முழுவதையும் திரும்ப வரைய வேண்டும், இதைத்தான் 60 ஹேர்ட்ஸ் என்கிறார்கள். வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு 4கே திரைக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 12.5 கிகாபிட் தேவை, இரண்டுக்கு 25. இது தேவை.

வரவு என்ன? ரைப்-சி போர்ட்டில் படம் போவதற்கு நான்கு தடங்கள் உண்டு. படத்தைக் கொண்டுபோகும் டிஸ்பிளே போர்ட் முறையின் 1.2 தரத்தில் நான்கு தடமும் சேர்ந்து உண்மையில் சுமப்பது 17.28 கிகாபிட். ஒரு 4கே திரை வசதியாகப் போகும், இரண்டாவது போகாது. 1.4 தரம் என்றால் 25.92. இரண்டும் மட்டுமட்டாகப் போகும். ஆனால் இதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது, பெட்டியின் மேல் யாரும் அதைப் பெரிய எழுத்தில் எழுதுவதில்லை. அதே டொக்கில் வேகமான யூ.எஸ்.பி. போர்ட்டுகளும் இருந்தால், சாதாரண ரைப்-சி இணைப்பில் அவற்றுக்காக இரண்டு தடங்களை விட்டுக்கொடுக்க வேண்டும். படத்துக்கு மிச்சம் இரண்டு தடம். 1.2 தரத்தில் அது 8.64 கிகாபிட். 60 ஹேர்ட்ஸில் ஒரு 4கே திரைக்கே அது காணாது. ஆகவே கணினி தானாக 30 ஹேர்ட்ஸுக்கு இறங்கும், இரண்டாவது திரை தரம் குறைந்து வரும் அல்லது கறுப்பாகவே கிடக்கும். இதில் டொக் எங்கே பழுது? அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

கொக்குவிலில் என் பெறாமகன் ஒருவன் இங்கிலாந்துக் கம்பனிக்குக் கட்டட வரைபடம் போடுகிறான். 27 அங்குல 4கே மொனிற்றர் இரண்டு, மேசைக்கடியில் டொக். மவுஸை அசைத்தால் அம்பு இழுபட்டு இழுபட்டு வரும். வரைபடத்தைப் பெருப்பித்தால் கோடுகள் விட்டுவிட்டு நகரும். மற்றத் திரை நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனபோது முதலில் மொனிற்றரைக் குறை சொன்னார்கள், பிறகு வயரை. கடைசியில், "தம்பி, இந்த டொக் உங்கட வேலைக்குக் காணாது. கொஞ்சம் கூடினது ஒண்டு எடுங்கோ" என்றார்கள். கூடியதையும் எடுத்தான். அம்பு முன்போலவே இழுபட்டது.

நான் போய்ப் பார்த்தபோது விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று உள்ளே போனோம். முதல் திரைக்கு நேரே 30 ஹேர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியிருந்தது. கடையில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடிக்கணினியின் மொடல் எண்ணைத் தேடினோம். படம் எடுக்கும் ரைப்-சி போர்ட் ஒன்று, அதுவும் 1.2 தரம். பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. 2.0 போர்ட் ஒன்று, யாரும் தொடாமல் தூசி பிடித்துக் கிடந்தது. டொக்கைக் கழற்றினோம். ஒரு மொனிற்றரை எச்.டி.எம்.ஐ.யில் நேரே கொளுவினோம். மற்றதை ரைப்-சியிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் சாதாரண வயர் ஒன்றால் கொளுவினோம். நான்கு தடமும் படத்துக்கே கிடைத்தது. இரண்டு திரையும் முழு 4கே, இரண்டும் 60 ஹேர்ட்ஸ். விசைப்பலகையும் மவுஸும் பழைய யூ.எஸ்.பி. போர்ட்டுகளில். சார்ஜருக்கு அதனுடைய வட்ட முனை. அவனுக்குத் தேவைப்பட்டது நல்ல டொக் அல்ல. அவனுக்கு டொக்கே தேவைப்படவில்லை. திறமான பிள்ளை, வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழை விடமாட்டான். ஆனால் விற்பவர் சொன்ன காரணத்தை அளந்து பார்க்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னால் விசயம் தெரிந்த இளைஞர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: "அண்ணை, ஆரம்பத்திலேயே தண்டர்போல்ற் டொக் வாங்கியிருக்க வேணும்." இதுவும் அதே பிழையின் விலை கூடிய வடிவம். தண்டர்போல்ற் 3 செக்கனுக்கு 40 கிகாபிட் சுமக்கும் என்பது உண்மை. 2020இல் வந்த தண்டர்போல்ற் 4, இரண்டு 4கே திரைகளைத் தாங்க வேண்டும் என்று குறைந்தபட்ச நிபந்தனையே போட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ற் 5 அதையும் தாண்டி 80 கிகாபிட்டுக்குப் போகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த வேகம் வயரின் இரண்டு பக்கமும் தண்டர்போல்ற் இருந்தால்தான். சாதாரண ரைப்-சி போர்ட்டில் கொளுவினால், ஆரம்பகாலத் தண்டர்போல்ற் 3 டொக்குகள் பல வேலையே செய்யா. பின்னர் வந்தவை வேலை செய்யும், ஆனால் சாதாரண ரைப்-சி டொக் போலத்தான். அதே தடக்கணக்கு, அதே 30 ஹேர்ட்ஸ். பெறாமகன் இரண்டாவதாக எடுத்த டொக்கும் இந்த வகைதான்.

வயரும் இதே கதை. கைப்பேசிப் பெட்டிக்குள் வந்த வெள்ளை ரைப்-சி வயரை டொக்குக்குப் போட்டுவிட்டுப் படம் வரவில்லை என்பவர்கள் நிறைய. அப்படியான வயர்கள் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டும் செய்யப்பட்டவை. படம் போகும் தடங்கள் அவற்றுக்குள் இல்லவே இல்லை. டொக்கோடு வந்த வயரைத்தான் போட வேண்டும். இதில் இதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை.

அப்பிள் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் தாங்கள் பாவித்துவிட்டுக் கொடுக்கும் மக்புக் எயர் இப்போது இங்கே பல வீடுகளில் இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் உள்ள மக்புக் எயர் வெளித்திரை ஒன்றுக்கு மட்டுமே படம் தரும். அடுத்து வந்த எம்2 எயரும் அப்படியே. இரண்டிலும் தண்டர்போல்ற் போர்ட் இருக்கிறது, வயரில் வேகமும் தாராளம். இருந்தும் சிப் ஒரு வெளித்திரைக்குத்தான் வரையும். 2024இல் வந்த எம்3 எயர் மூடியைச் சாத்தி வைத்தால் இரண்டு திரை தரும். 2025இல் வந்த எம்4 எயர்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு தருகிறது. இதைவிட வெளிப்படையான அத்தாட்சி வேண்டுமா? அதே டொக், அதே வயர், அதே மொனிற்றர்கள். மடிக்கணினியை மாற்றினால் விளைவு மாறுகிறது. இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஒரு ரைப்-சி வயரில் இரண்டு வேறு வேறு படங்களை அனுப்பும் எம்.எஸ்.ரி. என்ற முறையை மக் இயங்குதளம் அந்த விதத்தில் ஏற்பதில்லை. அதனால்தான் சாதாரண டொக் ஒன்றில் கொளுவிய மக்புக், இரண்டு மொனிற்றரிலும் ஒரே படத்தைக் காட்டுகிறது. அது டொக்கின் பழுதல்ல, திருத்திக் கொடுக்கக்கூடிய ஒன்றும் அல்ல.

எம்1 வைத்திருப்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் டிஸ்பிளேலிங்க். இதை நம்மவர்கள் சிலர் போலி, குறுக்குவழி என்று ஒதுக்குகிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. டிஸ்பிளேலிங்க் வகை டொக்குகள் கிராபிக்ஸ் போர்ட்டை நம்புவதில்லை. மடிக்கணினியில் நிறுவும் ஒரு மென்பொருள் படத்தைச் சுருக்கி, சாதாரண யூ.எஸ்.பி. தரவாக அனுப்பும். டொக்குக்குள் இருக்கும் சிப் அதை விரித்து மொனிற்றருக்குக் கொடுக்கும். வேகமான விளையாட்டுக்கும் நிறத்துல்லியம் வேண்டிய வீடியோ வேலைக்கும் இது ஏற்றதல்ல, பாதுகாக்கப்பட்ட சில திரைப்படச் சேவைகள் ஓடாமலும் போகும். மடிக்கணினியின் புரொசசர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஆனால் கணக்கேடு, மின்னஞ்சல், நிரல் எழுதுதல், பக்க வடிவமைப்பு என்று நகராத எழுத்தும் கோடும் நிறைந்த வேலைக்கு இது முற்றிலும் நேர்மையான தீர்வு. பார்த்தீர்களா, இங்கேயும் சுமையை ஏற்பது மடிக்கணினிதான். கடைகள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் பெட்டி டிஸ்பிளேலிங்க், அந்தப் பெட்டி அல்ல. இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். விளைவில் வேறுபடும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும், பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு திரை, அதுவும் 4கே, எல்லாம் பகட்டு என்பார்கள். தமிழில் வேலை செய்கிற எவரும் இதை ஏற்கமாட்டார். பழைய நூல் ஒன்றை மின்னூலாக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. 1981இல் பொது நூலகத்தை எரியக் கொடுத்த ஊருக்கு அந்த வேலையின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியான வேலையில் ஸ்கான் செய்த பக்கம் ஒரு திரையில் இருக்க, தட்டச்சு செய்தது மற்றத் திரையில் இருக்க வேண்டும். மை மங்கிய பழைய எழுத்தில் ‘கி’யா ‘கீ’யா, புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை முழு எச்.டி. திரையில் கண்ணைச் சுருக்கித்தான் தேட வேண்டும். 4கே திரையில் அது தானாகத் தெரியும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அந்தப் புள்ளி ஆடம்பரமல்ல, அதுதான் அவருடைய வேலை.

அதேநேரம் எல்லா மேசைக்கும் 4கே வேண்டும் என்று வாதாடுவதும் கூடாது. 2560க்கு 1440 என்ற அளவுள்ள 27 அங்குல மொனிற்றர் ஒன்றுக்கு 60 ஹேர்ட்ஸில் 6 கிகாபிட்டுக்குக் குறைவாகவே தேவை. பழைய 1.2 தரப் போர்ட்டின் நான்கு தடத்திலும் அப்படி இரண்டு தாராளமாகப் போகும். கணக்கு, நிரலாக்கம், வாடிக்கையாளர் சேவை என்று வேலை செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். மிச்சக் காசில் முதுகு நோகாத கதிரை ஒன்று வாங்கலாம்.

இங்கே விற்பனையாகும் மடிக்கணினிகளில் கணிசமானவை வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட, பாவித்த கணினிகள். 2020க்கு முன் வந்த இன்ரெல் சிப் உள்ளவற்றில் பல 1.2 தரத்தோடு நிற்பவை. 2020 செப்ரெம்பரில் வந்த பதினோராம் தலைமுறையில் 1.4 தரம் வந்துவிட்டது. பாவித்த கணினி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை, நம் நிலைமைக்கு அதுதான் புத்தி. ஆனால் எட்டாம் தலைமுறைக் கணினிக்கு இரண்டு 4கே மொனிற்றரும் விலை கூடிய டொக்கும் விற்பது வேறு விசயம். 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 நெருக்கடிக்குப் பிறகு 300ஐச் சுற்றி நிற்கிறது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகியது. இறக்குமதிச் சாமான் ஒன்றைப் பிழையாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதி போய்விடும் வீடுகள் இவை. வடக்கில் தகவல் தொழில்நுட்ப வேலை வளர வேண்டும் என்று யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் பத்தாண்டுக்கு மேலாகப் பாடுபடுகின்றன. அந்த வேலைக்கு வரும் பிள்ளையின் முதல் சம்பளம் மேசைக்கடியில் சும்மா கிடக்கும் டொக்கில் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

டொக் ஒருபோதும் பிழைக்காது என்று நான் சொல்லவில்லை. 4கேயில் 30 ஹேர்ட்ஸுக்கு மேல் தராத பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட் உள்ள டொக்குகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. சூடேறிப் படத்தை விடுபவையும் உண்டு. தன் பவர் அடப்டர் இல்லாமல் வெறுமனே விற்கப்படும் பாவித்த டொக்குகளும் உண்டு. அப்படியான இடத்தில் டொக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது சோதித்துப் பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு. இப்போதோ சோதனையே இல்லாமல் அது முதல் வார்த்தையாக வருகிறது.

கடைக்காரர்களுக்கும் சொல்ல ஒரு காரணம் உண்டு. பெட்டியில் இரண்டு 4கே, 60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது, நாங்கள் அதைத்தான் சொன்னோம் என்பார்கள். பெட்டியில் அந்த வரிக்கு மேல் பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மடிக்கணினியைப் பொறுத்தது என்று இருக்கும். வாங்குபவர் அதைப் படிக்காமல் விடலாம். நாள் முழுவதும் அதையே விற்பவர் படிக்காமல் விட முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. சட்டத்தைக் காட்டி வெருட்டுவது என் நோக்கமல்ல. நம் ஊரில் கடைக்காரரும் வாங்குபவரும் பெரும்பாலும் தெரிந்த முகங்கள், ஒரே கோயில் திருவிழாவில் சந்திப்பவர்கள். அந்த உறவுக்கு ஏற்ற ஒரு வழக்கத்தைத்தான் கேட்கிறேன். டொக் கேட்டு வருபவரிடம், "லப்ரொப்பைக் கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். கடையில் இருக்கும் மொனிற்றர் இரண்டில் கொளுவிக் காட்டுங்கள். அட்வான்ஸ்ட் டிஸ்பிளே பக்கத்தைத் திறந்து 60 என்று எழுதியிருப்பதை அவர் கண்ணாலேயே பார்க்க விடுங்கள். பற்றுச்சீட்டில் மடிக்கணினியின் மொடல் எண்ணையும், எத்தனை திரை, என்ன அளவு, எத்தனை ஹேர்ட்ஸ் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவ்வளவுக்கு நேரமில்லை என்று சொல்லும் கடையில், பிள்ளைகளே, டொக் வாங்காதீர்கள்.